பிஎம் கிசான் தவணை நிற்கும் என்று வந்த குறுஞ்செய்தி: நம்பலாமா?

கேள்வி (நெல்வயல்):
என் தந்தைக்குப் பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வருகிறது. "இ-கேஒய்சி முடிக்காததால் உங்கள் தவணை நிறுத்தப்படுகிறது, இன்றே புதுப்பிக்கவும்" என்று பத்து இலக்கக் கைபேசி எண் ஒன்றிலிருந்து இன்று குறுஞ்செய்தி வந்தது. இணைப்பைத் தொட்டதும் இறங்கிய ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலிக்கான கோப்பு) நிறுவி, அது கேட்ட அனுமதிகளையும் கொடுத்துவிட்டார். இதுவரை பணம் எதுவும் போகவில்லை. இ-கேஒய்சி (ஆதார் வழி மின்னணு அடையாளச் சரிபார்ப்பு) கட்டாயம் என்பது உண்மைதான் என்பதால் குழப்பமாக இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

பதில் (வரப்போரம்):
மோசடிதான், ஐயா. உடனே அந்தக் கைபேசியின் இணையத்தைத் துண்டித்து, சிம் அட்டையைக் கழற்றிப் பழைய பட்டன் போனில் போடுங்கள். இத்தகைய செயலிகள் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைப் பெற்று, வங்கி அனுப்பும் ஓடிபியை மோசடிக்காரருக்குக் கடத்துகின்றன. ஆகவே அதே கைபேசியில் கடவுச்சொல்லை மாற்றுவதால் பயனில்லை. வேறொரு கைபேசியிலிருந்து வங்கியை அழைத்து, இணைய வங்கிச் சேவையையும் யுபிஐயையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் இழப்பு, அவர் தெரிவிக்கும் வரை அவருடையது. தெரிவித்த பிறகு நேர்வது வங்கியுடையது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

நெல்வயல்:
வங்கியில் சொல்லிவிட்டேன், மிக்க நன்றி. ஆனால் செயலியை நீக்க முயன்றால் அந்தப் பொத்தான் வேலை செய்யவில்லை.

வரப்போரம்:
அமைப்புகளில் 'டிவைஸ் அட்மின்' பகுதிக்குச் சென்று, அதற்குக் கொடுத்த அதிகாரத்தை முதலில் எடுங்கள். பிறகு நீக்க முடியும். ஆனாலும் படங்களை மட்டும் வேறிடத்தில் சேமித்துவிட்டு, கைபேசியை முழுமையாக ரீசெட் செய்வதே என் கருத்தில் பாதுகாப்பானது.

பதில் (ஏரிக்கரை):
உண்மையான விதி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் பொய்யை ஏற்றுவதுதான் இவர்களின் வழி. இ-கேஒய்சியை அரசு இணையதளத்திலோ, பிளே ஸ்டோரில் உள்ள அரசின் செயலியிலோ, பொதுச் சேவை மையத்திலோ முடிக்கலாம்; அதற்காக எவரும் ஏபிகே அனுப்புவதில்லை. முகவரியில் 'https://' என்பதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதி 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். அந்த எழுத்துகளை நடுவில் நுழைத்துவிட்டு வேறெதிலோ முடியும் முகவரிகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரசுத் துறைகளின் குறுஞ்செய்திகள் எழுத்துகளாலான பெயரில் வரும். 2025 முதல் அப்பெயரின் இறுதியில் 'ஜி' என்ற ஆங்கில எழுத்தும் சேர்ந்துள்ளது. பணம் இழக்காவிட்டாலும், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்சு' பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யுங்கள். குறுஞ்செய்தியை அழிப்பதற்கு முன் திரைப்பிடிப்பு எடுத்துவைப்பது அவசியம்.