மார்கழியில் புறாவுக்குப் பசி, மீனுக்கு இல்லை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வியாசர்பாடி மாடி:
எங்கள் மொட்டை மாடியில் புறாக் கூண்டு இருக்கிறது, படியோரம் ஒரு மீன் தொட்டியும் இருக்கிறது. இரண்டுக்கும் தீனி போடுவது நான்தான். மார்கழி வந்தால் புறாக்கள் கம்பையும் சோளத்தையும் போடப்போடத் தின்கின்றன. அதே நாட்களில் மீன்கள் தீனியைச் சீண்டுவதில்லை, போட்டது ஊறிப்போய் அடியில் கிடக்கிறது. வைகாசியில் நேர்மாறு. புறா கம்பை ஒதுக்கிவிட்டுத் தண்ணீர்த் தட்டையே சுற்றுகிறது. மீனோ கையைக் கண்டதும் மேலே வந்துவிடுகிறது.

புறா பக்கம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதன் உடல் சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்க வேண்டும். இரவில் வெளியே 21 டிகிரிக்கு இறங்கினால், அந்தச் சூட்டை விடாமல் காப்பாற்றத் தீனியைத்தான் எரித்தாக வேண்டும். கோடையில் சிக்கல் வேறு. தின்றதைச் செரிப்பதே உள்ளே சூட்டைக் கிளப்பும் என்பதால் அதுவாகவே குறைத்துக்கொள்கிறது. புறாவுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மதியம் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு தொண்டையைப் படபடவென்று ஆட்டும், தோல் வழியாகவும் ஈரத்தை ஆவியாக விடும். எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். அதனால் அக்னி நட்சத்திரத்தில் விடிகாலையிலும் சாயங்காலத்திலும் மட்டும்தான் தீனி, தண்ணீர் மட்டும் நாள் முழுக்க. மீன் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொளத்தூர் தொட்டி:
அண்ணே, வண்ணமீன் வளர்ப்பதுதான் எங்கள் குடும்பத் தொழில். மீனுக்கென்று தனிச் சூடு கிடையாது, தண்ணீர் என்ன சூடோ அதுதான் அதன் உடம்பும். தண்ணீர் 10 டிகிரி ஏறினால் உடம்புக்குள் நடக்கும் வேலையெல்லாம் இரண்டு, மூன்று மடங்கு வேகம் பிடிக்கும். குளிர்ந்தால் அதே அளவுக்குத் தளரும், பசியும் சேர்ந்து தளரும். மார்கழியில் உங்கள் மீனுக்கு நோய் ஒன்றும் இல்லை. தீனியைக் குறையுங்கள், தேங்கினால் தண்ணீர்தான் கெடும்.

எனக்குக் கவலை தருவது கோடை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 35 டிகிரிக்குப் போனால் 7 மில்லிகிராம்தான். மீனுக்குச் செலவு இரண்டு மடங்கு ஏறுகிற அதே நேரத்தில் வரவு குறைகிறது. போன கோடையில் ஒரு ராத்திரி வெகுநேரம் கரண்ட் இல்லை, ஏர் மோட்டார் நின்றுவிட்டது. விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். தங்கமீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, செவுள் மூடி எண்ண முடியாத வேகத்தில் அடிக்கிறது. பக்கத்துப் புட்டிகளில் இருந்த ஃபைட்டர் மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை மேலே வந்து காற்றையே நேராக இழுத்துக்கொள்ளும், அதற்கென்று தலைக்குள் தனி உறுப்பு இருக்கிறது. கௌராமிக்கும் அப்படித்தான்.

கரண்ட் போனால் நாங்கள் செய்வது: முதலில் தீனியை நிறுத்துவோம். தின்ற மீனுக்குச் செரித்து முடிக்கும்வரை ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். அப்புறம் மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்போம். ஐஸை அப்படியே தொட்டியில் போடாதீர்கள், திடீர்க் குளிர்ச்சியை மீன் தாங்காது. மூடிய பாட்டிலில் உறைய வைத்து மிதக்கவிடலாம்.

காசிமேடு:
மீனுக்கென்று தனிச் சூடு கிடையாது என்று தம்பி சொன்னது பெரும்பாலான மீனுக்குச் சரி. சூரை போன்ற சில மீன்கள் அதில் சேராது. ஆழ்கடலில் தூண்டிலில் சிக்கிய சூரையைப் படகில் ஏற்றிய கையோடு வயிற்றைக் கீறிக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும். முதன்முதலில் தொட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மற்ற எந்த மீனிலும் இப்படி நான் உணர்ந்ததில்லை.

சூரை நிற்காமல் நீந்தும். வாயைத் திறந்தபடி முன்னே போனால்தான் செவுளில் தண்ணீர் ஓடும், நின்றால் மூச்சு இல்லை. அந்த ஓயாத உழைப்பில் தசையில் சூடு பிறக்கிறது. அதன் தசையில் போகிற ரத்தக் குழாயும் வருகிற ரத்தக் குழாயும் மெல்லிய இழைகளாக ஒன்றையொன்று ஒட்டி ஓடுகின்றன. தசையிலிருந்து திரும்பும் ரத்தத்தின் சூட்டை, செவுளிலிருந்து குளிர்ந்து வரும் ரத்தம் வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளேயே போகும். கடலுக்குச் சூடு போவது குறைவு. அதனால்தான் ஆழத்தில் குளிர்ந்த தண்ணீரிலும் அது வேகம் குறையாமல் வேட்டையாடுகிறது. கறியின் கருஞ்சிவப்பும் அந்த உழைப்பின் அடையாளம்.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தூண்டிலில் ரொம்ப நேரம் போராடிய சூரையின் கறி உள்ளுக்குள்ளேயே வெந்தது போல வெளுத்துவிடும். சூடான உடம்பை உடனே ஐஸில் புதைக்காவிட்டால் கிருமிகள் பெருகி ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். தின்றால் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலைவலிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. வஞ்சிரத்தைப் பார்ப்பதைவிடச் சூரைக்கு ஐஸை இன்னும் கறாராகப் பாருங்கள்.

எண்ணூர்க் கழி:
எங்கள் பக்கம் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் இறால், நண்டு பிடிக்கிற குடும்பம் எங்களுடையது. கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, பறிக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இன்றும் இங்கே உண்டு. தண்ணீரின் சூட்டை அவர்களைவிட உடம்பால் அறிந்தவர்கள் யாரும் இல்லை. அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீர் கலக்கும் இடத்தில் இறங்கினால் தோலுக்கே தெரியும்.

கடல்நீரைப் பயன்படுத்தும் அனல்மின் நிலையம் விடும் தண்ணீரால், சேருமிடத்து வெப்பம் 7 டிகிரிக்கு மேல் உயரக் கூடாது என்பது விதி. கொளத்தூர்த் தம்பி சொன்ன கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். 10 டிகிரிக்கு இரண்டு மடங்கு என்றால், விதி அனுமதிக்கிற 7 டிகிரிக்கே ஒன்றரை மடங்குக்கு மேல் வருகிறது. இரை அதே அளவுதான். தின்றதெல்லாம் உயிரைப் பிடித்து வைக்கவே சரியாகிவிட்டால் சதை எங்கே பிடிக்கும்? குளிர்நாட்டு ஆற்றில் 7 டிகிரி ஏறினால் அங்கே இருக்கும் மீனுக்கு மேலே இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கலாம். நம் தண்ணீர் கோடையில் எப்படியும் 30 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும், இங்கே வாழும் உயிர்கள் ஏற்கெனவே தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கின்றன. மீன் ஓடிவிடும். மட்டி எங்கே ஓடும்? இந்த விதியை இந்தக் கரைக்கென்று திருத்தி எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வண்ணாரப்பேட்டை நர்ஸ்:
அண்ணா, மனித உடம்பிலும் இந்தக் கணக்கு உண்டு. காய்ச்சலில் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஓய்வில் எரியும் சக்தி 10 முதல் 13 சதவீதம் வரை கூடும். காய்ச்சல்காரரைப் பட்டினி போடாதீர்கள், கஞ்சியாவது கொடுங்கள் என்று வார்டில் நாங்கள் சொல்வது அதனால்தான்.

கைக்குழந்தை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1932இல் மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி எலி முதல் மாடு வரை கணக்கெடுத்துக் காட்டினார்: எடை இரண்டு மடங்கானால் எரியும் சக்தி சுமார் 1.7 மடங்குதான் ஆகிறது. அதாவது உடம்பு சிறியதானால் கிலோவுக்கு ஆகும் செலவு அதிகம். பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் பெரியவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதற்குச் சரியாக நடுங்கவும் தெரியாது, முதுகிலும் கழுத்திலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு காக்கும். ஏசி அறையில் குழந்தையின் தலையை மூடி வையுங்கள்.

திருவொற்றியூர் கரை:
விசைப்படகில் போகும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தோம். ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். அமைதியாக இருந்தால் உள்ளே எல்லாம் மெதுவாக நடக்கும், ஒரு மூச்சில் வெகுநேரம் அடியில் கிடக்கும். வலையில் மாட்டித் திமிறும்போது அதே மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும், ரத்தத்தில் அமிலம் ஏறி மயங்கிவிடும்.

மயங்கியதைச் செத்தது என்று நினைத்து உடனே கடலில் தள்ளாதீர்கள், மூழ்கிவிடும். குப்புற, வயிறு கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி வைத்தால் நுரையீரலில் புகுந்த தண்ணீர் வடியும். நிழலில் ஈரச்சாக்கு போர்த்தி விடுங்கள், மூக்கை மட்டும் மூடாதீர்கள். தெளிய பல மணி நேரம் ஆகலாம், ஒரு நாள் வரைகூட ஆகும். நன்றாக அசைய ஆரம்பித்த பிறகு, எஞ்சினை நியூட்ரலில் போட்டு, வலை இல்லாத பக்கமாக மெதுவாக இறக்கிவிடுங்கள்.