ஏழாவது வாரத்தில் ஹார்மோன் மாத்திரை: வைக்கலாமா, வேண்டாமா?

மதுரைமல்லி:
போன வருடம் எட்டாவது வாரத்தில் ஒருமுறை கலைந்துவிட்டது. இப்போது ஏழாவது வாரம். செவ்வாய்க்கிழமை காலை லேசாக ரத்தக்கசிவு. ஸ்கேனில் இதயத்துடிப்பு இருக்கிறது. டாக்டர் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை 400 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று பிறப்புறுப்புக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறார். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்துப் படித்ததில் தூக்கமே போய்விட்டது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே?

கேள்விநாயகம்:
நாள் தள்ளிப்போன மறுநாளே ஹார்மோன் எழுதுவது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது, சகோதரி. அமெரிக்காவில் கரு கலையாமல் இருக்க டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்று ஒரு ஹார்மோன் கொடுத்தார்கள். பலனில்லை என்று 1953இல் சிகாகோ ஆய்வு சொன்ன பிறகும் கொடுத்தார்கள். 1971இல் பாஸ்டன் மருத்துவர்கள் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? தாய் விழுங்கிய மாத்திரைக்கு, வயதுக்கு வந்த மகளுக்குப் பிறப்புறுப்பில் புற்றுநோய். அன்றைக்கும் பாதுகாப்பானது என்றுதான் சொன்னார்கள்.

மருந்துக்கடைத்தம்பி:
அண்ணே, கத்திரிக்காயைக் கேட்டால் பூசணிக்காயைச் சொல்கிறீர்கள். அது ஈஸ்ட்ரஜன் என்ற வேறொரு பெண் ஹார்மோனின் செயற்கை வகை. இவருக்குக் கொடுத்திருப்பது சினைப்பையே சுரக்கிற பொருள். ஏழெட்டு வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடி அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். 2019இல் பிரிட்டனில் கசிவு இருந்த 4,153 பெண்களிடம் இதே 400 மி.கி., இரண்டு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் போலி மாத்திரை. குழந்தைகளின் பிறவிக் குறைகளில் இரண்டு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

கேள்விநாயகம்:
அதே ஆய்வில் குழந்தை தங்கியது எத்தனை பேருக்கு? மருந்து வைத்தவர்களில் 75 சதவீதம், வைக்காதவர்களில் 72. புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை. 2015இல் அடிக்கடி கலைந்த 836 பேரிடம் பார்த்ததும் அப்படித்தான்: 65.8, 63.3. பலன் இல்லாததை எதற்கு வைக்க வேண்டும்?

வார்டுசிஸ்டர்:
மொத்தக் கணக்கோடு நின்றுவிட்டீர்கள், சார். அந்த 2019 ஆய்விலேயே மூன்று முறையோ அதற்கு மேலோ கலைந்தவர்களைத் தனியாகப் பார்த்தால், மருந்து வைத்தவர்களில் 72 சதவீதம், வைக்காதவர்களில் 57. அதனால்தான் 2021இல் பிரிட்டன் வழிகாட்டுதலை மாற்றினார்கள்: முன்பு ஒருமுறையாவது கலைந்திருந்து, இப்போது கசிவும் இருந்தால், ஸ்கேனில் கர்ப்பம் கருப்பைக்குள் இருப்பது உறுதியானதும் 400 மி.கி., இரண்டு வேளை. மல்லி அந்த வரியில் அப்படியே பொருந்துகிறார்.
கசிவும் கிடையாது, முன்பு கலைந்ததும் கிடையாது, ஆனாலும் எல்லோருக்கும் எழுதுகிறார்களே, அதில் நான் உங்கள் பக்கம்தான். சீக்கிரம் கலைவதில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறு. அதை எந்த மாத்திரையும் சரிசெய்யாது.
மல்லி, அட்டையில் பெயரைப் பாருங்கள். எல்லா 'புரோஜெஸ்டிரோனும்' ஒன்றில்லை. நோரெதிஸ்டிரோன் மாதிரி பழைய செயற்கை வகைகளைக் கர்ப்பத்தில் கொடுத்தபோது பெண் குழந்தையின் பிறப்புறுப்பு ஆண்தன்மை காட்டிய கேஸ்கள் இருக்கின்றன. டைட்ரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை வகை வேறு, இயற்கை ஹார்மோனை நுண்பொடியாக்கிய 'மைக்ரோனைஸ்டு' வேறு.

கேள்விநாயகம்:
மூன்று முறை கலைந்தவர்கள் கணக்கை ஒருமுறை கலைந்தவருக்கு இழுக்கிறீர்கள், சிஸ்டர்.

வார்டுசிஸ்டர்:
ஒன்றிரண்டு முறை கலைந்தவர்களுக்குப் பலன் சிறியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டது பிள்ளைக்கு ஆபத்தா என்று. இதுவரை தெரிந்தவரை இல்லை.

மதுரைமல்லி:
அட்டையில் 'நேச்சுரல் மைக்ரோனைஸ்டு' என்றுதான் இருக்கிறது, அக்கா. வைத்த பிறகு வெள்ளையாக வழிகிறது, அதற்கும் பயந்தேன்.

வார்டுசிஸ்டர்:
மாத்திரை கரைந்து வருவதுதான், பேட் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பாகவோ வலியோடோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்விநாயகம்:
எந்த வாரம் நிறுத்த வேண்டும் என்று சீட்டில் போட்டிருக்கிறதா?

மதுரைமல்லி:
இல்லை சார். 'தொடரவும்' என்று மட்டும்.

வார்டுசிஸ்டர்:
பிரிட்டனில் 16 வாரம் முடியும்வரை. அடுத்த செக்கப்பில் முதலில் அதைக் கேளுங்கள். இதில் சாரும் நானும் ஒரே கட்சி.