பிஸ்மத் செலினைடு: ஆல்ஃபா –0.5-இலேயே நிற்கிறது

பிஸ்மத் செலினைடு ஒரு டோபாலஜிக்கல் இன்சுலேட்டர், அதாவது பரப்பில் மட்டும் கடத்தவேண்டிய பொருள். சபையர் மேல் எம்.பி.ஈ. (மூலக்கூற்றுக் கற்றை வளர்ப்பு) முறையில் வளர்த்த 10 நானோமீட்டர் படலம், ஹால் பார் (மின்தடையும் ஹால் மின்னழுத்தமும் அளக்கும் பட்டை வடிவம்), 2 கெல்வின். 0.5 டெஸ்லாவுக்குள் காந்தக்கடத்தலை ஹெச்.எல்.என். (ஹிகாமி–லார்கின்–நாகவோகா) சமன்பாட்டில் பொருத்தினால், தனித்துக் கடத்தும் தடங்களின் எண்ணிக்கையைக் காட்டும் ஆல்ஃபா (தடத்துக்கு –0.5) –0.5-ஐ விட்டு நகரவில்லை. மேல், கீழ் பரப்புகள் தனித்தனியே கடத்தினால் –1 வரவேண்டும். எலக்ட்ரான் அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்கு 3×10¹³. உட்பகுதியும் கடத்தி இரண்டு பரப்புகளையும் பிணைக்கிறது என்றே படுகிறது.

வளர்க்கும்போது செலினியம் பாய்வை இரட்டிப்பாக்கினோம், அடர்த்தி அசையவில்லை. செலினியம் மூடி போட்டதில் நாள்பட அடர்த்தி ஏறுவது நின்றது, அவ்வளவுதான். 30 நானோமீட்டர் அலுமினா மின்காப்பு வைத்த மேல் கேட் மின்முனையில் –10 வோல்ட் கொடுத்தால் 1.8×10¹³ வரை இறங்குகிறது, ஆல்ஃபா –0.6. அதைத் தாண்டினால் கசிவு.

அடர்த்தியை 10¹² அளவுக்குக் குறைக்க, சபையருக்கும் படலத்துக்கும் நடுவே இண்டியம் கலந்த இடைப்படலத்தை முதலில் முயல்வதா, படலத்திலேயே ஆன்டிமனி கலப்பதா?