மறுமொழி: கேஸ் ஸ்ட்ரட் – "வாயு உதைகால்"னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

பழைய பஸ் பழுதுபார்க்கற நம்ம கையேட்டுக்காக, லக்கேஜ் கதவைத் தூக்கி நிறுத்துற கேஸ் ஸ்ட்ரட்டுக்கு (வாயு அடைச்ச குழல்லருந்து தண்டு வெளிய தள்ளுற உறுப்பு) தமிழ்ச் சொல் தேடிக்கிட்டு இருக்கோம். "வாயு உதைகால்"னு நான் சொன்னதுக்கு வந்த பதில் இது:

> "வளித்தாங்கி"ன்னு வச்சு முடிச்சுக்கலாமே, சுருக்கமா இருக்கு.

ஐயா, சுருக்கமா இருக்குங்கறது சரிதான். ஆனா தாங்கின்னா பேரிங்னு ஏற்கனவே புழக்கத்துக்கு வந்திடுச்சு, நாம எழுதுற கையேட்டுல சக்கரத்து பேரிங்குக்கும் ஒரு அத்தியாயம் இருக்கு, ரெண்டு இடத்துலயும் ஒரே சொல் வந்தா படிக்கறவர் திண்டாடுவாரு.

அதைவிடப் பெரிய சிக்கல் "வளி". வண்டி எதுன்னு ஞாபகம் வச்சுக்கங்க, 1953லருந்து 1960 வரைக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டின பிடி-4104. அந்த பஸ்ஸோட பெருமையே ஏர் சஸ்பென்ஷன்தான், ஸ்பிரிங் பட்டைக்குப் பதிலா காத்துப் பை மேல உக்காந்து ஓடுது, பிரேக்கும் காத்துலதான் வேலை செய்யுது. இலங்கைப் பாடப்புத்தகத்துல வளின்னா காத்துன்னு நம்ம குழுவுல ஒரு அக்கா முன்னாடியே எழுதியிருந்தாங்க. அப்போ லக்கேஜ் கதவுல இருக்கறதுக்கும் "வளி"ன்னு போட்டா, அதையும் கம்ப்ரஸர்லருந்து நிரப்பலாம் போலன்னு ஒருத்தர் நினைச்சா நாம குத்தம் சொல்ல முடியாது. உள்ள இருக்கறது நைட்ரஜன், ஆலையிலேயே அடைச்சு மூடினது. அதனால காத்துக்குக் காத்து, கேஸுக்கு வாயு, இந்தப் பிரிவை கையேடு முழுக்க விடாம வச்சுக்கணும்னு கேட்டுக்கறேன். வாயுன்னா எரிவாயு ஞாபகம் வருமேன்னு ஒரு கேள்வி வந்துச்சு, நைட்ரஜன் எரியாதுன்னு முதல் பக்கத்துலயே ஒரு வரி போட்டுட்டா போதும்.

அடுத்து ஊர்ல உண்மையில என்ன சொல்றாங்கன்னு பாப்போம். கார் பட்டறையில கேட்டா டிக்கி ஷாக், மெத்தையைத் தூக்கித் திறக்கற கட்டில் விக்கற கடையில கேட்டா ஹைட்ராலிக். ரெண்டும் நல்லாப் புரியுது, கடையில கேட்டா பொருள் கிடைக்கும், அதனால கையேட்டோட சொல்லடைவுல ரெண்டையும் கண்டிப்பா சேர்க்கணும். ஆனா வேலையை விளக்குற இடத்துல ரெண்டுமே தப்பா வழிகாட்டுது. ஷாக் அப்ஸார்பர் ஆட்டத்தை அடக்கும், இது எந்நேரமும் தள்ளிக்கிட்டே இருக்கும். ஹைட்ராலிக்னா எண்ணெய் அழுத்தத்துல வேலை நடக்கணும், இதுல எண்ணெய் கொஞ்சூண்டுதான், சீல் (வாயு கசியாம அடைக்கிற வளையம்) காயாம இருக்கவும் கதவு கடைசியில படார்னு அடிக்காம தணியவும்தான் அது. தள்ளுறது வாயு.

எப்படித் தள்ளுதுங்கறதைப் புரிஞ்சுக்கிட்டா சொல் தானா வந்துடும்னு நான் நம்புறேன். குழலுக்குள்ள தண்டு நுனியில இருக்கற பிஸ்டன்ல சின்னத் துளை இருக்கு, அதனால ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம். ஆனா ஒரு பக்கம் தண்டு நிக்கறதால வாயு அழுத்துற பரப்பு அங்க குறைவு, அந்த வித்தியாசம் தண்டோட குறுக்குப் பரப்பளவுக்குச் சமம். 8 மி.மீ. தண்டுன்னா பரப்பு சுமார் 50 சதுர மி.மீ., 400 நியூட்டன் உதை வேணும்னா உள்ள கிட்டத்தட்ட 80 பார் அழுத்தம் இருக்கணும், கார் டயர்ல 2 பார் சொச்சம்தான். இதைத் துளை போடவோ சூடு பண்ணவோ கூடாதுன்னு ஏன் சொல்றோம்ங்கறதுக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

ஸ்ட்ரட்ங்கறதுக்கு நம்மகிட்ட பழைய சொல் இருக்கு, உதைகால். சுவர் சாயாம, பந்தல் சரியாம குறுக்கா கொடுக்கற கட்டை. முட்டுன்னும் சொல்லுவோம், ஆனா முட்டுல தள்ளுறது தெரியல, முட்டுக்கட்டைன்னா பொருளே வேற. உதைகால்ல கால் மாதிரி நிக்கறதும் இருக்கு, உதைக்கறதும் இருக்கு. "வாயுவில்"னு குழுவுல ஒரு தம்பி சொன்னதும் கெட்டதில்ல, கேஸ் ஸ்பிரிங்குக்கு நேரான சொல் அது, ஆனா படிச்சதும் பட்டறைக்காரர் மனசுல சுருள்தான் வரும், நீட்டுத் தண்டு வராது.

ஒரு சொல்லைத் தனியா வச்சுப் பாத்தா எல்லாமே நல்லாத்தான் தெரியும், வேலைக்குள்ள போட்டுப் பாக்கணும். மாதிரிக்கு எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க:

"கதவு 18 கிலோ, உயரம் 60 செ.மீ., கீல் மேல் விளிம்புல இருக்குன்னு வச்சுக்குவோம். கதவோட எடைமையம் கீல்லருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கும், கதவைத் தரைக்கு இணையா தூக்கி நிறுத்தும்போது கீழ இழுக்கற திருப்பம் (டார்க்) சுமார் 53 நியூட்டன் மீட்டர். அந்த நிலையில கீலுக்கும் உதைகால் கோட்டுக்கும் செங்குத்துத் தூரம் 8 செ.மீ.ன்னா, ரெண்டு உதைகால் போட்டா ஒவ்வொண்ணும் 331 நியூட்டன் உதைக்கணும். கடையில 350 கிடைச்சாலும் 400 வாங்குங்க. குளிர்ல வாயு அழுத்தம் குறையும், 20 டிகிரியில 400 உதைக்கறது மைனஸ் 20ல 345 தான் உதைக்கும். மிச்சிகன் குளிர்காலத்துல 350 போட்ட கதவு தலையில இறங்கும்.

கதவு மூடியிருக்கும்போது தண்டு கீழ்ப்பக்கம் பாக்கட்டும், வண்டி பெரும்பாலும் அப்படித்தான் நிக்கும், எண்ணெய் சீல் மேல தங்கும். மூடின நிலையிலயும் உதைகால்ல 10 மி.மீ. ஓட்டம் (தண்டு உள்ள போற தூரம்) மிச்சம் இருக்கணும், இல்லேன்னா கதவு முழுசா சாத்தறதுக்கு முன்னாடியே உதைகால் அடிமுட்டி கீல் பிடுங்கிக்கும். ஒரு பக்கம் மட்டும் உதைகால் போடாதீங்க, பழைய அலுமினியக் கதவு முறுக்கிக்கும். பிராக்கெட்டைத் தகட்டுல நேரா ரிவெட் அடிக்காம உள்ள ஒரு பட்டை கொடுத்து, கதவோட சட்டத்துல பிடிங்க. இரும்பு பிராக்கெட்னா நடுவுல ரப்பரோ பிளாஸ்டிக்கோ வையுங்க, சாலை உப்பு பட்டா அலுமினியம் அரிச்சிடும்."

எனக்கு இதுல உதைகால் எங்கயும் தடுக்கல. "உதைக்கணும், உதைக்கும்"னு வினையும் அதே சொல்லுலருந்து வருது, தாங்கியில இது கிடைக்காது. முதல் தடவை வர்ற இடத்துல வாயு உதைகால்னு முழுசா, அப்புறம் வெறும் உதைகால், இப்படி வச்சா நீளம்ங்கற குறையும் போயிடும். உறுப்புகளுக்குத் தண்டு, குழல், சீல், ஓட்டம்னே வச்சிருக்கேன். உதைகால் நுனி மாட்டிக்கற உருண்டைத் தலை ஆணி, அதாவது பால் ஸ்டட்டுக்கு "குண்டுமுனை" போட்டிருக்கேன், இதைவிட நல்லது இருந்தா மாத்திக்கலாம்.

இன்னும் ஒண்ணு பாக்கி நிக்குது. கதவு மூடிக்கிட்டு வரும்போது உதைகாலோட கோடு கீலைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுச்சுன்னா, அதுவரைக்கும் திறக்கத் தள்ளினது அதுக்கப்புறம் மூடத் தள்ளும், தாழ்ப்பாளுக்குச் சுமை குறையும், வண்டி குலுங்கினாலும் கதவு கிடுகிடுக்காது. பிராக்கெட் இடம் குறிக்கும்போது ரொம்ப முக்கியமான விஷயம் இது, ஓவர் சென்டர்ங்கறாங்க. "கீல்தாண்டல்"னு தற்காலிகமா போட்டிருக்கேன், மனசு ஒப்பல. தச்சு வேலையிலயோ பூட்டு வேலையிலயோ இதுக்குப் பழகின சொல் யாருக்காவது தெரிஞ்சா எழுதுங்க, ரெண்டாம் அத்தியாயம் அதுக்காகத்தான் காத்திருக்கு.