"வட்ட வட்டமா காயுது" என்று தேடினால் புகையான் வரவில்லை: தமிழில் எம்பெடிங் தேடல்

வெண்ணாற்றங்கரை (கேள்வி)

வணக்கம். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து உழவர்கள் கைப்பேசியில் கேட்கும் கேள்விக்கு, நெல் சாகுபடித் துண்டறிக்கைகளிலிருந்து பொருத்தமான பத்தியை எடுத்துக் காட்டும் எம்பெடிங் தேடல் (உரையின் பொருளை வெக்டர் எனும் எண் வரிசையாக்கி ஒப்பிடுவது) ஒன்றைக் கட்டி வருகிறோம். பதிலை எழுதித் தரும் ஏஐ கிடையாது. உள்ள பத்தி அப்படியே வரும், அவ்வளவுதான்.

இப்போதைய அமைப்பு: பாராஃப்ரேஸ் மல்டிலிங்குவல் மினிஎல்எம் எல்12 மாடல், 400 சொல்லுக்கு ஒன்றாக வெட்டிய சுமார் 6,000 துண்டுகள், ஃபைஸ் (வெக்டர்களைத் தேடும் நிரல் நூலகம்), ஜிபியு இல்லாத 16 ஜிபி மடிக்கணினி.

"பயிர் வட்ட வட்டமா காஞ்சு போவுது" என்று கேட்டால் வறட்சி மேலாண்மை முதலில் வருகிறது. வர வேண்டியது புகையான் என்ற பூச்சி பற்றிய பத்தி. "வெங்காயத்தாள் மாதிரி குழல் வருது" என்றால் சின்ன வெங்காயச் சாகுபடி வருகிறது, ஆனைக்கொம்பன் பூச்சி பற்றிய பத்தி எங்கோ கீழே கிடக்கிறது. "ஆடுதுறை 45 எத்தனை நாள்" என்றால் ஆடுதுறை 39, சிஆர் 1009 என்ற மற்ற நெல் ரகங்கள் எல்லாம் கலந்து வருகிறது. பெரிய மாடலுக்கு மாறுவதா, இதையே எங்கள் தரவை வைத்து மேலும் பயிற்றுவித்து ஃபைன்-ட்யூன் செய்வதா?

குடமுருட்டி

ஃபைன்-ட்யூன் இப்போது வேண்டாம். மாடலை மாற்றியே ஆக வேண்டும், ஆனால் அளவு சிறியது என்பது அதற்குக் காரணம் இல்லை.

அந்த மாடலைப் பயிற்றுவித்த ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட மொழிகளில் இந்தி, மராத்தி, குஜராத்தி, உருது உண்டு, தமிழ் இல்லை. டோக்கனைசருக்கு (சொல்லை டோக்கன் எனும் சிறு துண்டுகளாக உடைக்கும் பகுதி) தமிழ் எழுத்து தெரியும் என்பதால் பிழை எதுவும் காட்டாமல் வெக்டர் வந்துவிடும். அந்த வெக்டரில் பொருள் சரியாக உட்காராது. இரண்டாவது, அதன் உச்ச நீளம் 128 டோக்கன். ஒரு தமிழ்ச் சொல் பெரும்பாலும் இரண்டு மூன்று டோக்கனாக உடையும். ஆக உங்கள் 400 சொல் துண்டில் முதல் ஐம்பது அறுபது சொல்தான் வெக்டருக்குள் போகிறது. மீதி சத்தமில்லாமல் வெட்டப்படுகிறது. துண்டறிக்கையில் முதல் ஐம்பது சொல் பொதுவாக முன்னுரை. அறிகுறி அதற்குப் பிறகுதான் வரும்.

இந்த மடிக்கணினிக்கு மல்டிலிங்குவல் இ5 பேஸ் போதும்: 768 பரிமாணம் (ஒரு வெக்டரில் உள்ள எண்கள்), 512 டோக்கன். அதில் கேள்வியின் முன்னால் ஆங்கில எழுத்தில் "குவெரி" என்றும், துண்டின் முன்னால் "பாசேஜ்" என்றும், முக்காற்புள்ளியும் ஓர் இடைவெளியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்படித்தான் அது பயிற்சி பெற்றது. விட்டுவிட்டால் தரம் இறங்கும். நீளமான பத்திகளைப் பிரிக்கவே முடியாது என்றால் பிஜிஇ-எம்3: 1024 பரிமாணம், 8192 டோக்கன். சிபியுவில் மெதுவாக ஓடும். ஆனால் துண்டுகளுக்கு வெக்டர் எடுப்பது ஒரு தடவை வேலைதானே, ஓர் இரவு ஓடட்டும்.

துண்டு 120 முதல் 150 சொல் இருக்கட்டும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் "நெல், சம்பா, புகையான், அறிகுறி" என்று தலைப்பைச் சேருங்கள். உர அட்டவணையை அப்படியே வெட்டாதீர்கள். "150:50:50" என்ற வரிக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. பயிர், வயது, அலகு மூன்றையும் சேர்த்து ஒரு முழு வாக்கியமாக எழுதிவிட்டு வெக்டர் எடுங்கள்.

எச்என்எஸ்டபிள்யூ மாதிரி, தோராயமாகத் தேடி வேகம் கூட்டும் இண்டெக்ஸ் எதுவும் தேவையில்லை. இப்போதுள்ள 6,000 துண்டு, 768 பரிமாணம், எண்ணுக்கு 4 பைட் என்றால் மொத்தமே 18 எம்பி சொச்சம். சிறிதாக வெட்டித் துண்டுகள் மூன்று மடங்கானாலும் 55 எம்பி சொச்சம்தான். வெக்டர்களை நார்மலைஸ் செய்து (நீளத்தை 1 ஆக்கி), எல்லாத் துண்டோடும் நேரடி உட்பெருக்கமே போடுங்கள்.

அரசலாறு

மாடலை மாற்றுமுன் உரையைத் திறந்து பாருங்கள். பழைய துண்டறிக்கை பிடிஎஃப்களில் பாதி பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். உரையை உருவினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். அதற்கும் மாடல் ஒரு வெக்டர் தந்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் தமிழ் யூனிகோட் எழுத்துகளின் பங்கை எண்ணி, பாதிக்குக் கீழே இருப்பதைத் தனியே ஒதுக்குங்கள். எழுத்துரு தெரிந்தால் மாற்றி, தெரியாவிட்டால் டெசராக்ட் மென்பொருளில் ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுப்பது).

பிறகு என்எஃப்சி, அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு யூனிகோட் வடிவங்களை ஒன்றாக்கும் முறை. "கொ"வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, டோக்கன் மட்டும் மாறிவிடும். கேள்வி, துண்டு இரண்டுக்கும் என்எஃப்சி போடுங்கள். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் "ள"வும் தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது, அதற்குத் தனி விதி எழுத வேண்டும்.

ஆடுதுறை 45 சிக்கலை எந்த எம்பெடிங்கும் முழுதாகத் தீர்க்காது. 39, 43, 45 எல்லாம் அதன் பார்வையில் ஒரே இடத்துக்காரர்கள். இங்கே சொல் தேடல்தான் வேண்டும், பிஎம்25 (சொற்பொருத்தத்தை வைத்து வரிசைப்படுத்தும் முறை) போதும். "ஏடிடி45", "ஆடுதுறை-45", "ஆ.து. 45" எல்லாவற்றையும் இரு பக்கமும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், பொன்மணி என்று கேட்டால் சிஆர் 1009 என்றும் சேரட்டும்.

பைத்தான்காரர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அதன் வழக்கமான ரெகெக்ஸில் (உரையில் எழுத்து வடிவங்களைத் தேடும் கருவி) "சொல் எழுத்து" என்ற வகைக்குள் நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அடங்காது. அதை வைத்துப் பிரித்தால் "புகையான்" என்பது ப, க, ய, ன என்று சிதறிவிடும். இடைவெளி, நிறுத்தற்குறிகளை வைத்தே பிரியுங்கள். புகையானை, புகையானுக்கு, புகையானால் மூன்றும் பொருந்த, சொல்லின் மூன்றெழுத்துத் துண்டுகளையும் இண்டெக்ஸில் சேருங்கள்.

இரண்டு பட்டியலையும் மதிப்பெண்ணை வைத்துக் கூட்ட வேண்டாம், அளவுகோல் வேறு. தர வரிசையை வைத்து இணையுங்கள்: ஒவ்வொரு பட்டியலிலும் 1/(60+இடம்), அதன் கூட்டுத்தொகை.

வெட்டாறு

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் வட்ட வட்டமாகக் காய்வதற்கு வறட்சிப் பத்தி வருவது வெறும் தரவரிசைப் பிழை இல்லை. வறட்சிப் பத்தி தண்ணீர் பாய்ச்சச் சொல்லும். புகையானுக்கு வயலில் தண்ணீரை வடிக்க வேண்டும், பூச்சி தூரின் அடியில்தான் உட்கார்ந்திருக்கிறது. தவறான பத்தியை நம்பினால் பயிர் போய்விடும்.

துண்டறிக்கை மொழிக்கும் வரப்பு மொழிக்கும் உள்ள தூரத்தை மாடலிடம் மட்டும் விடாதீர்கள். ஒவ்வொரு அறிகுறித் துண்டுக்கும் உழவர் கேட்கும் விதத்தில் நான்கைந்து கேள்வி எழுதி, அவற்றுக்கும் வெக்டர் எடுத்து, அதே துண்டைச் சுட்டும்படி வையுங்கள். "தூரெல்லாம் வெங்காயத்தாள் மாதிரி ஆயிருச்சு, கதிரே வரல" என்பது ஆனைக்கொம்பன் துண்டுக்கு. "வெள்ளைக் கதிரா நிக்குது, இழுத்தா கையோட வருது" என்பது குருத்துப்பூச்சிக்கு. இந்தக் கேள்விகள் வந்த அழைப்புகளிலிருந்து எடுத்தவையாக இருந்தால் மிக நல்லது.

ஆண்டையும் ஒவ்வொரு துண்டோடும் கட்டாயம் சேமியுங்கள். எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்தது. அதற்கு முந்தைய துண்டறிக்கை அதைப் பரிந்துரைத்தால், எம்பெடிங்குக்கு அதுவும் நல்ல பொருத்தம்தான். தடை செய்த மருந்துகளின் பெயர் உள்ள துண்டுகளைத் தேடலுக்கு முன்பே நீக்குங்கள். குறுவை, சம்பா, தாளடி என்ற பட்டத்தையும் வடிகட்டியாக வைக்கலாம். கேள்வியில் பட்டம் இல்லையென்றால் வடிகட்டக் கூடாது.

வெண்ணாற்றங்கரை

மிக்க நன்றி. இன்னொன்று: முதியோர் உதவித்தொகை, மாட்டுக் கடன் என்றும் கேட்கிறார்கள். மதிப்பெண் 0.75க்குக் கீழே போனால் "தெரியாது" என்று சொல்ல வைக்கலாமா?

குடமுருட்டி

இ5இல் அது வேலை செய்யாது. அதன் மதிப்பெண்கள் எல்லாமே 0.7க்கும் 1.0க்கும் இடையில் நெருங்கி நிற்கும். சம்பந்தமே இல்லாத பத்திக்கும் 0.78 வரலாம். வரிசைதான் பயன்படும், எண்ணை அப்படியே எடுக்க முடியாது.

உழவர் கேள்வி நூறு, அதில் இருபது சம்பந்தமில்லாதவை, ஒவ்வொன்றுக்கும் சரியான துண்டு எது என்று கையால் குறித்த தாள் ஒன்று தயாரியுங்கள். மாற்றம் செய்யும்போதெல்லாம் சரியான துண்டு முதல் ஐந்தில் வருகிறதா என்று எண்ணுங்கள். பூச்சி அறிகுறி, ரகம், உரம் என்று தனித்தனியாக எண்ண வேண்டும். மொத்தச் சராசரி ஏறும்போதே ரகக் கேள்விகள் இறங்கியிருக்கக் கூடும். எல்லைக்கோட்டையும் அந்த இருபதை வைத்தே போடுங்கள். அது போதாவிட்டால் முதல் 20 துண்டை மட்டும் மறுவரிசைப்படுத்தும் மாடலான பிஜிஇ ரீரேங்கர் வி2-எம்3க்குக் கொடுங்கள். அது கேள்வியையும் பத்தியையும் சேர்த்துப் படிப்பதால் "பொருந்தவில்லை" என்பதை இ5ஐவிடத் தெளிவாகப் பிரிக்கும். சிபியுவில் சில விநாடி காத்திருக்க வேண்டும்.

எல்லைக்குக் கீழே போனவர்களுக்கு வெறும் "தெரியாது" வேண்டாம். பயிர் பற்றிய கேள்வியாக இருந்தால் கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551ஐக் காட்டுங்கள்.