மாடல்களைச் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் மோதல் காட்டுகிறது, எங்கே தொடங்குவது?

கேட்டவர்:
வணக்கம். அடுக்குமாடி அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கு பிம் (கட்டடத்தின் முப்பரிமாண கணினி மாடல்) ஒருங்கிணைப்பு பார்க்கிறேன். ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் மாடல்கள் ரெவிட் மென்பொருளில் வந்தன. டக்ட், குழாய், கேபிள் ட்ரே எல்லாம் ஐஎஃப்சி (வெவ்வேறு மென்பொருள்களுக்குப் பொதுவான வடிவம்) கோப்பாக வந்தது. எல்லா மாடல்களையும் நேவிஸ்வொர்க்ஸ் மென்பொருளில் சேர்த்து கிளாஷ் டெஸ்ட் (எது எதோடு இடிக்கிறது என்ற சோதனை) ஓட்டினால் ஆயிரக்கணக்கில் மோதல்கள். சைட் இன்ஜினியர் பட்டியலைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார். அடுத்த தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்குள் ஸ்லீவ் (குழாய் போக முன்கூட்டியே விடும் துளை) இடங்களையாவது உறுதி செய்ய வேண்டும். வழி சொல்லுங்கள்.

பதில் 1:
பட்டியலை விடுங்கள். முதலில் மாடல்கள் ஒன்றோடொன்று சரியாக உட்காருகின்றனவா? தூண் வரிசைகளைக் குறிக்கும் கிரிட் கோடுகள் பொருந்துகின்றனவா பாருங்கள். அப்புறம் ஒரு ஷாஃப்டுக்கு (குழாய்கள் தளம் தளமாக ஏறும் செங்குத்து வழி) பக்கத்தில் செக்‌ஷன் வெட்டி, தள மட்டத்தையும் பாருங்கள்.

கேட்டவர்:
கிரிட் சரி. ஆனால் டக்ட், குழாய் எல்லாமே 75 மி.மீ. மேலே நிற்கின்றன. ஆர்க்கிடெக்ட் 0 என்று வைத்தது டைல்ஸ் போட்ட பின் வரும் மட்டம், டக்ட், குழாய் வரைந்தவர்கள் எடுத்தது வெறும் ஸ்லாப் மட்டம். நேவிஸ்வொர்க்ஸிலேயே இறக்கிவிடலாமா?

பதில் 1:
வேண்டாம். அப்படிச் செய்தால் உங்கள் திரை மட்டும்தான் சரியாகும். சைட்டுக்குப் போகும் டிராயிங் அவர்கள் மாடலிலிருந்து வருகிறது, அதில் அந்த 75 மி.மீ. அப்படியே இருக்கும். அவர்களையே திருத்தி அனுப்பச் சொல்லுங்கள்.

திருத்தி வந்ததும் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் மோதவிடாதீர்கள். முதலில் பீமும் கழிவுக் குழாயும். சரிவில் ஓடும் குழாயை நினைத்த இடத்துக்கு நகர்த்த முடியாது, அதனால் அதற்கு முன்னுரிமை. அடுத்து பீமும் டக்டும். ஒரே டக்ட் வரிசையாகப் பல பீம்களில் இடித்தால் அத்தனையும் ஒரே குழு, எடுக்க வேண்டிய முடிவும் ஒன்றுதான்.

ஸ்லாபைத் துளைக்கும் குழாய்களைத் தனி டெஸ்டாக ஓட்டுங்கள். அங்கே வரும் மோதல்கள் பிழையே இல்லை. நீங்கள் தேடும் ஸ்லீவ் பட்டியல் அதுதான்!

குளிர்நீர்க் குழாய்களில் இன்சுலேஷன் வரையப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் குழாய் பீமுக்கு 20 மி.மீ. தள்ளிப் போனால் மோதலே காட்டாது. மேலே 50 மி.மீ. இன்சுலேஷன் சுற்றும்போதுதான் இடிக்கும். அதற்கு கிளியரன்ஸ் டெஸ்ட் (போதிய இடைவெளி இருக்கிறதா என்ற சோதனை) வேண்டும்.

பதில் 2:
நான் சைட் பக்கம். எங்களுக்கு மோதல் எண் புரியாது, கிரிட்டும் மட்டமும்தான் புரியும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு படம், பொறுப்பானவர் பெயர், கான்கிரீட் தேதிக்கு முந்தைய ஒரு கெடு, இவ்வளவு போதும். டிசைனருக்கு பிசிஎஃப் (மாடலில் உள்ள பிரச்சினையை இடத்தோடு குறித்து அனுப்பும் வடிவம்) கோப்பாக அனுப்பினால் அதே இடம் அவர் மாடலில் திறக்கும்.

கேட்டவர்:
இதோடு வேலை அட்டவணையையும் இணைத்து 4டி (கட்டடம் படிப்படியாக எழும் காட்சி) காட்டச் சொல்கிறார்கள்.

பதில் 2:
ஸ்லாப் மாடலில் ஒரே துண்டாக இருக்கிறதா? சைட்டில் எத்தனை பகுதியாகக் கான்கிரீட் போடுகிறீர்களோ, அத்தனையாகப் பிரித்த பின் இணையுங்கள். இல்லாவிட்டால் முதல் பகுதி முடிந்ததைக்கூடக் காட்ட முடியாது. இப்போதைக்கு ஸ்லீவை முடியுங்கள்.

கேட்டவர்:
திருத்திய மாடல் வந்துவிட்டது, பட்டியல் வெகுவாகக் குறைந்தது. ஸ்லீவ் டிராயிங் சைட்டுக்குப் போய்விட்டது. ஒன்றுதான் பாக்கி: ஒரு கழிவுக் குழாய் தூணை ஒட்டிய இடத்தில் பீமைத் துளைக்கிறது. அங்கே ஷியர் (வெட்டு விசை) அதிகம் என்று ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் துளை தர மறுக்கிறார். குழாயைப் பக்கத்து ஷாஃப்டுக்குத் திருப்பச் சொல்லி பிசிஎஃப் அனுப்பியிருக்கிறேன்.