தோட்டத்து லயத்து வீட்டுல கதவே ஒண்ணு தான், எழுதினதை எங்க ஒளிச்சு வைக்கிறது?

கரும்பலகை:
எல்லாருக்கும் வணக்கம். நான் நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில படிப்பிக்கிறேன். போன கிழமை பெற்றோர் கூட்டம் வைச்சோம். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சு மண் சரிஞ்சதுல இருந்து, எங்களுக்குப் பிள்ளைகளை விட அம்மா அப்பாமாரைப் பத்தித் தான் கவலை. வானம் கறுத்தாலே மலையில கொழுந்தைப் போட்டுட்டு ஸ்கூல் கேட்டுக்கு ஓடி வர்றாங்க. ஒரு அம்மா மழை பெய்யிற ராத்திரி மகளைச் சப்பாத்தோட தான் படுக்க வைக்கிறாங்க. மூணாம் வகுப்புப் பிள்ளை. "எழுப்பினவுடனே ஓடணும்ல டீச்சர்" அப்படிங்கிறாங்க.

கூட்டத்துக்கு வந்த ஆலோசகர் ஒரு வழி சொன்னார். நாலு நாளைக்கு, தினம் பதினஞ்சு நிமிஷம், மனசுல கிடக்கிறதை நிறுத்தாம எழுதுங்க. எழுத்துப் பிழை பார்க்க வேணாம், யாருக்கும் காட்ட வேணாம். வர்ற சனிக்கிழமை இதை நான் பெற்றோரை வைச்சுச் செய்யணும்னு அதிபர் சொல்லிட்டார். எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அன்னைக்கு வந்திருந்தவங்கள்ல தலையாட்டினது அஞ்சாறு பேர் தான். நீங்க என்ன நினைக்கிறீங்க?

பெரட்டுக்களம்:
டீச்சர், கோவிச்சுக்காதீங்க. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அதுக்குள்ள ஆறு பேர். விடியக்காலம் நாலரைக்கு எழும்பி ரொட்டி தட்டி, பிள்ளையை வெளிக்கிடுத்தி, பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போய், அட்டைக்கடியோட கொழுந்தெடுத்து, கிலோ குறைஞ்சா அரைப்பேர், அதான் அரைநாள் சம்பளம், வாங்கிட்டு வர்றவகிட்ட "பதினஞ்சு நிமிஷம் எழுது"ன்னா என்ன அர்த்தம்? நாலு நாள், பதினஞ்சு நிமிஷம்... இதுக்கும் கணக்குப்பிள்ளை வந்து நிறுத்துப் பார்ப்பாரா?

சுவர் வெடிச்சுக் கிடக்கு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டா எழும்பிப் போகணும். எங்க போறது? அதுக்குப் பதில் கொப்பியில இல்ல. 2014 ஒக்டோபர்ல மீரியபெத்தைத் தோட்டத்துல லயத்தோட மண்ணுக்குள்ள போன சனத்துக்கும் அந்த இடம் ஆபத்துன்னு முன்கூட்டியே சொல்லித் தான் இருந்தாங்க. அவங்களுக்கு மனசுல தைரியம் இல்லாமலா போச்சு? வேற இடம் இல்லாம போச்சு.

சாயத்தண்ணி:
பெரட்டுக்களம் அண்ணே சொல்றது அத்தனையும் சரி. இருந்தாலும் என் கதையையும் கேளுங்க.

2022ல கொழும்புல நான் நின்ன கடையை மூடிட்டாங்க. ஊருக்கு வந்துட்டேன். மகனுக்கு அப்ப நாலு வயசு. பால்மா பைக்கட்டு கிடைக்கிறதே இல்ல, கிடைச்சாலும் வாங்கக் காசில்ல. ராத்திரி தூக்கம் வராது. அக்கா மகனோட பழைய கணக்குக் கொப்பியில பின்பக்கம் வெறுமையா இருந்துச்சு, அதுல எழுத ஆரம்பிச்சேன். யாரும் சொல்லித் தரல. முதல் நாள் எழுதினது முழுக்கக் கணக்கு. அரிசி இவ்வளவு, மண்ணெண்ணெய் இவ்வளவு, கடைக்காரருக்கு இவ்வளவு. ரெண்டாம் நாளும் அதே தான், கூட்டல் மட்டும் வேற.

மூணாம் நாள் என்னை அறியாம ஒரு வரி வந்துச்சு: "இவன் பால் கேட்டா எனக்கு இவன் மேல ஆத்திரம் வருது." எழுதிட்டு நானே பயந்துட்டேன். பேனையை வைச்சுட்டு வெளியில போய் நின்னேன். மறுநாள் அந்த வரிக்குக் கீழே ஏன், ஏன்னு எழுதிக்கிட்டே போனேன். ஆத்திரம் அவன் மேல இல்லன்னு ஒரு பக்கம் முடியிறதுக்குள்ள விளங்கிச்சு. எல்லாத்தையும் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். கடன் ஒரு சதம் குறையல. ஆனா அதுக்குப் பிறகு நான் அவனைக் கை நீட்டல.

பெரட்டுக்களம்:
தம்பி, நீ ஆம்பள. எழும்பி வெளியில போய் நின்னா யாரும் கேக்க மாட்டாங்க. ஒரு பொம்பள ராத்திரி பத்து மணிக்கு லைட்டைப் போட்டு எழுதிக்கிட்டிருந்தா லயமே எட்டிப் பார்க்கும்.

ரெண்டாம்கொழுந்து:
எட்டிப் பார்க்கிறது மட்டுமில்ல அண்ணே.

நான் எழுதியிருக்கேன். மொத்தமே ரெண்டு பக்கம். ரெண்டாவது பிள்ளை பிறந்து மூணு மாசம் இருக்கும், அழுகையா வரும், பிள்ளையைத் தூக்கவே பிடிக்கல. அதைத் தான் எழுதினேன். எழுதி அரிசி டின்னுக்கு அடியில வைச்சேன். மாமியார் கையில கிடைச்சிடுச்சு. அவங்களுக்கு எழுத்து வராது. அதனால கொழுந்தனார் மகனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாங்க. பதினோரு வயசுப் பையன். எழுத்துக்கூட்டி, சத்தமா, என் மனசை வாசிச்சான். நான் வாசல்ல நிக்கிறேன். ஒரு சொல்லு விளங்காம என்னையே திரும்பிப் பார்த்து "சித்தி, இது என்ன எழுத்து?"ன்னு கேட்டான்.

அதுக்குப் பிறகு கடைச்சிட்டையைத் தவிர நான் எதுவும் எழுதினதில்ல. டீச்சர், "யாருக்கும் காட்டாதீங்க"ன்னு சொல்றது லேசு.

கரும்பலகை:
அக்கா, இதை வாசிச்சுட்டு அரை மணித்தியாலம் பதில் போட முடியல.

மருந்துப்பெட்டி:
சுகாதாரப் பக்கம் வேலை செய்பவள் என்ற முறையில் சில விஷயங்கள். இந்த "நாலு நாள், பதினைந்து நிமிடம்" எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் சண்டை பாதி குறையும்.

1986இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எழுதியவர்கள் 46 கல்லூரி மாணவர்கள். அவர்களை நாலாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அற்ப விஷயங்கள். ஒரு குழு தங்கள் வாழ்க்கையில் நடந்த கொடுமையில் நடந்ததை மட்டும் எழுதியது. இன்னொன்று பட்ட உணர்ச்சியை மட்டும். கடைசிக் குழு இரண்டையும் சேர்த்து. அடுத்த ஆறு மாதங்களில் கல்லூரி மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைவாக இருந்தது அந்தக் கடைசிக் குழுவில்தான். நடந்ததை மட்டும் எழுதியவர்களுக்கும் அற்ப விஷயம் எழுதியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சாயத்தண்ணி தம்பியின் முதல் இரண்டு நாள் கணக்கும் மூன்றாம் நாள் வரியும் நினைவுக்கு வருகிறதா?

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். எழுதி முடித்த கையோடு அவர்களுடைய மனநிலை கெட்டது, இரத்த அழுத்தம் ஏறியது. பிறகுதான் பலன். 2006இல் இந்த மாதிரி 146 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது நன்மை இருப்பது தெரிந்தது, ஆனால் சிறிய நன்மை. அதுவும் தனிமையில் எழுதினவர்களுக்குக் கூடுதல். இதை மந்திரம் மாதிரி விற்பவர்களை நம்ப வேண்டாம். பென்னிபேக்கரே ஒரு விதி வைத்திருக்கிறார்: ஒன்றை எழுதினால் தாங்க முடியாது என்று தோன்றினால் அதை எழுதாதே, வேறொன்றை எழுது. புண் பச்சையாக இருக்கும்போது கிளறக் கூடாது, சில கிழமைகள் போகட்டும்.

ரெண்டாம்கொழுந்து, உங்களுக்கு அன்று தேவைப்பட்டது கொப்பி இல்லை. பிள்ளை பிறந்த பிறகு வரும் மனச்சோர்வு ஒரு நோய், அதற்கு மருந்தும் உண்டு, மிட்வைஃபிடம் சொல்லியிருக்கலாம். பிழை உங்களில் இல்லை.

காமன்பொட்டல்:
நான் வயசாளி, இடையில புகுந்து பேசுறேன். இந்த மனுசன் 1986ல கண்டுபிடிச்சதை எங்க அம்மாயி ஒப்பாரியிலயே செஞ்சாங்களே? நடந்ததும் வரும், மனசும் வரும். இழவு வீட்டுல ஊரே கேக்க நாத்தனாரைத் திட்டித் தீர்த்தாலும் யாரும் வாய் திறக்க முடியாது. அழுது முடிச்சு முகத்தைக் கழுவி ஒரு சாயம் குடிச்சா நெஞ்சு லேசாயிடும். இப்ப தான் சாவு வீட்டுல பொக்ஸ் கட்டிப் பாட்டுப் போடுறாங்களே, எங்க அழுகிறது?

சாயத்தண்ணி:
தாத்தா, ஒப்பாரி வைக்க ஒருத்தர் சாகணுமே. சுவர் வெடிச்சதுக்கு யாரு ஒப்பாரி வைக்கிறது? வெளிநாட்டுல வீட்டு வேலைக்குப் போயிருக்கிற அம்மா, பிள்ளை போன்ல தன்னோட பேச மாட்டேங்குதுன்னு எந்த இழவு வீட்டுல போய் அழுவாங்க?

காமன்பொட்டல்:
அதுவும் நியாயம் தான்.

மருந்துப்பெட்டி:
எழுத்து வராதவர்களுக்கும் இடமில்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. எழுதுவதற்குப் பதிலாகத் தனியாக இருந்து ஒலிப்பதிவு கருவியில் பேச வைத்தும் ஆராய்ந்திருக்கிறார்கள், அதிலும் பலன் கண்டிருக்கிறார்கள். எல்லார் கையிலும் போன் இருக்கிறது. வட்ஸ்அப்பில் தன் இலக்கத்துக்கே வொய்ஸ் போட்டுவிட்டு அழித்துவிடலாம்.

பெரட்டுக்களம்:
அந்த போன்ல தான் பிள்ளை ஹோம்வேர்க் பார்க்குது.

ரெண்டாம்கொழுந்து:
ஆமா. மகள் என் போனைத் திறந்தா முதல்ல வொய்ஸைத் தான் அமத்துவா.

ஆனா ஒண்ணு சொல்லட்டுமா. இன்னைக்கு இங்க நான் எழுதினேனே, மாமியார் கதை. எட்டு வருசம் ஆச்சு. என் வீட்டுக்காரருக்குக் கூட முழுசாச் சொன்னதில்ல. என் பேரு உங்க யாருக்கும் தெரியாது, அதனால வந்துச்சு. எழுதிட்டுக் கை நடுங்கிச்சு. இப்ப பரவாயில்ல. இதையும் அந்த 46 பேரோட சேர்த்துக்கோங்க.

பெரட்டுக்களம்:
தங்கச்சி, உன் கதையைக் கேட்ட பிறகு டீச்சரோட வழக்காட எனக்கு மனசு வரல. ஆனா நிறுத்தவும் மாட்டேன். என் பயம் இது தான். சனிக்கிழமை எழுத வைச்சு, போட்டோ எடுத்து, பேஸ்புக்ல போட்டு, "பெற்றோருக்கு மன உறுதி கொடுத்தாச்சு"ன்னு ஒரு அறிக்கை போகும். வீடு கேட்டவனுக்குக் கொப்பி கொடுத்த மாதிரி ஆயிடும். நாளைக்கு ஒரு அம்மா உடைஞ்சு போனா, "எழுதச் சொன்னோமே, எழுதலையா?"ன்னு அவ தலையில கட்டுவாங்க.

மருந்துப்பெட்டி:
இந்தப் பயம் எனக்கும் உண்டு. டீச்சர், போட்டோ வேண்டாம் என்று அதிபரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கரும்பலகையின் மூலையில் 1926 என்று எழுதிப் போடுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம். தமிழிலும் பேசலாம். நாலு நாள் எழுதியும் தூக்கமில்லை, செத்துப் போகலாம் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் பேனையை வாங்கி வைத்துவிட்டு அந்த இலக்கத்தை அழுத்துங்கள்.

கரும்பலகை:
எல்லாரும் சொன்னதை வைச்சு இப்படி யோசிச்சிருக்கேன். வீட்டுல எழுதச் சொல்லப் போறதில்ல. நாலு சனிக்கிழமை, பாடசாலையிலயே, ஆளுக்கு ஒரு மேசை. அடுத்தடுத்த நாலு நாள் இல்லாட்டியும் பரவாயில்லன்னு நினைக்கிறேன். எழுத விருப்பம் இல்லாதவங்க பக்கத்து வகுப்புல சும்மா உக்காந்து சாயம் குடிக்கலாம், காரணம் கேக்க மாட்டேன். கொப்பி இல்ல, ஒத்தைத் தாள் தான். முடிஞ்சதும் கன்டீன் அடுப்புல அவங்க கையாலயே போடட்டும். போட்டோ இல்லன்னு அதிபர்கிட்ட சொல்லிட்டேன், முகம் சுருங்கிடுச்சு.

பெரட்டுக்களம் அண்ணே, வெடிச்ச சுவர்களோட விபரத்தைத் தனியா ஒரு பட்டியலா எடுத்து கிராம சேவகர்கிட்டயும் பிரதேச செயலகத்துலயும் கொடுக்கலாம்னு இருக்கேன். அதை நீங்க வந்து எழுதித் தருவீங்களா? அது எரிக்கிறதுக்கு இல்ல, ரெண்டு பிரதி வேணும்.

பெரட்டுக்களம்:
வர்றேன். லயம் லயமா எனக்குத் தெரியும்.

ஒத்தைத் தாள்ல மட்டும் யாரையும் பேர் எழுதச் சொல்லாதீங்க டீச்சர். தினம் பெரட்டுல பேர் கூப்பிட்டதும் "இருக்கேன்"ன்னு சொல்லிச் சொல்லி அலுத்தவங்க.

ரெண்டாம்கொழுந்து:
சப்பாத்தோட படுக்கிற அந்தப் பிள்ளையோட அம்மா வருவாங்களா டீச்சர்?

கரும்பலகை:
மழை இல்லாட்டி வர்றேன்னு சொல்லியிருக்காங்க.